காலுக்குக் கீழே ஒரு பலகை



'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் வாக்கு. ஓர் ஆணிக்குக்கூடப் பழமொழி உண்டு. ஆனால், வண்டியில் ஏறியவுடன் நாம் கால் வைக்கிறோமே, அந்தப் பின்தளப் பலகையைப் பற்றி ஒரு பழமொழியையும் நாங்கள் கேட்டதில்லை. காலுக்குக் கீழே இருப்பதைக் கண் பார்ப்பதில்லை. அது உடைந்து கால் உள்ளே போகும் நாளில்தான் அதன் நினைவு நமக்கு வருகிறது.

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பலகை அந்நியமானதன்று. வேலைக்காட்டுக்கும், மாசிமகத்தன்று செங் சன்னாசிமலைக்கும், சம்பள வாரத்தில் பட்டணத்துக்கும் நம்மவர் போனது பெரும்பாலும் ஒரு லோரியின் பின்தளத்தில் நின்றுகொண்டுதான். ஆகவே இன்று, வண்டியின் பின்தளத்துக்கு ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், எப்படி வந்து சேர்ந்தது, அதை எப்படிப் போட்டால் நிலைக்கும் என்பதை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் மாட்டுவண்டியிலிருந்து தொடங்குவோம். மலாக்காவுக்கு மாட்டுவண்டி புதியதன்று. இரு முனையும் கொம்புபோல் மேலெழுந்த கூரையுடைய மாட்டுவண்டி இன்றும் இம்மாநிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்குகிறது. சரக்கு வண்டியின் தளத்தை நம் தச்சர்கள் தனித்தனிப் பலகைகளால் அமைத்தார்கள். பலகை கிடைக்காதபோது பிளந்த மூங்கிலைப் பரப்பினார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விடுவார்கள். அது கைவேலையின் குறையன்று. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஊதுவதற்கு இடம் வேண்டும். தளத்தில் விழுந்த நீரும் அந்த இடைவெளி வழியே வடிந்துவிடும். ஒரு பலகை உளுத்துப் போனால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் போடலாம். மரம் ஊத இடம், நீர் வடிய வழி, கெட்டதை மாற்ற வசதி என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவை தேவைப்படும்.

இனி ரப்பருக்கு வருவோம். 1877ஆம் ஆண்டில் இலண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு காண்போரையெல்லாம் வற்புறுத்தினார். அதைக் காதில் வாங்கியவர்களுள் ஒருவர் மலாக்காவின் தான் சாய் யான். 1896ஆம் ஆண்டில் அவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். மலாயாவின் வாணிப ரப்பர்த் தோட்டங்களின் கதை இப்படி நம் மாநிலத்தில்தான் தொடங்கிற்று. அந்தக் காடுகளை அழிக்கவும் மரங்களை நடவும் பால் வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் வந்து சேர்ந்தார்கள்.

விளைந்த ரப்பர் கப்பலேற வேண்டும். ஸ்டோரில் பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, புகைக்கூண்டில் உலர்த்திய பிறகு அதை எதில் அடைப்பது? கனமான பலகைப் பெட்டியில் அடைத்தால் பெட்டியின் எடைக்கும் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் ஒட்டுப்பலகைப் பெட்டி. 'வெனெஸ்டா' என்ற பெயரில் தேயிலைக்கும் ரப்பருக்கும் அந்தப் பெட்டிகள் வந்தன. தோட்டத்து மக்கள் பிளைவுட்டைச் சந்தித்தது முதலில் இந்தப் பெட்டி வடிவில்தான்.

இந்தப் பலகை எங்கிருந்து வந்தது? மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் கலை மிகப் பழமையானது. எகிப்து நாட்டில், மன்னன் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடுக்குள், ஆறு மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்துச் செய்த சவப்பெட்டி கிடைத்திருக்கிறது. அதன் வயது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். ஆனால் மரத்தாளைக் கையால் இழைப்பது மெதுவான வேலை. 19ஆம் நூற்றாண்டில் மரத்தை உரிக்கும் சுழல் இயந்திரம் வந்த பிறகுதான் ஒட்டுப்பலகை மலிவானது. நாம் பென்சில் சீவும்போது சுருள் சுருளாகத் தோல் வருகிறதல்லவா? அதுபோல், ஒரு முழு மரக்கட்டையைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியை அதன்மேல் வைத்தால், பாய் விரிப்பதுபோல் மரத்தாள் வந்துகொண்டே இருக்கும்.

ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில், இன்று எஸ்தோனியா என்று வழங்கும் நாட்டின் தாலின் நகரில், லூதர் என்ற குடும்பத்தாரின் தொழிற்சாலை இவ்வகைப் பலகைக்குப் பெயர் பெற்றது. முதலில் நாற்காலி இருக்கைகள் செய்தார்கள், பிறகு பெட்டிகள். 1907ஆம் ஆண்டில் தென்துருவத்துக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டன் என்ற ஆய்வுப் பயணி தம் உணவையும் கருவிகளையும் ஏறத்தாழ 2,500 வெனெஸ்டாப் பெட்டிகளில் கொண்டு சென்றார். பனியில் கட்டிய குடிலில் பெட்டிகளையே மேசையாகவும் அலமாரியாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அங்கேயே அச்சிட்ட ஒரு புத்தகத்துக்கு அந்தப் பலகையைத்தான் அட்டையாகப் போட்டார்கள். தென்துருவத்துக் குளிருக்குப் போன அதே வகைப் பெட்டி, மலாயாவின் வெயிலுக்கும் வந்தது.

இதன் வலிமையின் இரகசியம் என்ன? விறகு பிளக்கும்போது கவனித்திருப்பீர்கள். கோடரி, நார் ஓடும் திசையில் எளிதாக இறங்கும், குறுக்கே இறங்காது. மரம் ஊதுவதும் சுருங்குவதும் நாருக்குக் குறுக்கான திசையில்தான் அதிகம். நாரின் நீளவாக்கில் மிகச் சிறிதே. ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் நார் நெடுக்கே போனால் அடுத்த தாளின் நார் குறுக்கே போகும். ஒரு தாள் ஊத நினைத்தால் மறுதாள் பிடித்து நிறுத்தும். தாள்களின் எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப் படையில் இருப்பதால் இரு பக்கமும் இழுவை சமமாகிப் பலகை வளையாமல் நிற்கும். ஒற்றைத் தாளைக் கையால் ஒடித்துவிடலாம். ஒட்டிய பலகையை ஒடிக்க முடியாது. ஒற்றுமைக்கு இதைவிட நல்ல பாடத்தை நாங்கள் வகுப்பில் காட்டியதில்லை.

இப்படி ரப்பருக்கு நல்ல பெட்டி கிடைத்தது. ரப்பரைச் சுமக்கும் மனிதருக்கு என்ன கிடைத்தது?

1905ஆம் ஆண்டில் தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு ஒரு கிளை இரயில் பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அந்தப் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். தண்டவாளமும் போயிற்று, ஆட்களும் போனார்கள். போர் முடிந்த பிறகு அந்தக் கிளைப் பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாக்கா மாநிலத்தில் தோட்டத்தையும் பட்டணத்தையும் இணைக்கும் பொறுப்பு சாலையின் தலையில், அதாவது லோரியின் தலையில் விழுந்தது.

தோட்டத்து லோரி ஒரே நாளில் பல வேலை செய்யும். விடியுமுன் பெரட்டுக் களத்திலிருந்து ஆட்களை ஏற்றும். மதியம் பால் ஏற்றும். பிற்பகல் ஒட்டுப்பாலோ உர மூட்டையோ ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை காற்பந்துக் குழுவை ஏற்றும்; துக்க வீட்டுக்கு உறவினரை ஏற்றும். இத்தனைக்கும் தளம் ஒன்றுதான். ஒட்டுப்பாலிலிருந்து வடியும் நீர் அமிலத் தன்மையுடையது. அது ஆணியைத் தின்னும். உரம் உப்பானது, சிந்திய இடத்தில் ஈரத்தை இழுத்து வைத்து இரும்புச் சட்டத்தை அரிக்கும். மேலே பலகை, கீழே சட்டம், நடுவே ஆணி என்ற மூன்றும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வரும். சரக்கு நனையாமலிருக்கத் தார்ப்பாய் போடுவார்கள். தளத்தைக் குனிந்து பார்ப்பவர் அரிது.

இங்கே எங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டு. நாங்கள் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் பக்கத்துத் தோட்டத்தில். எங்களை ஏற்றிச் செல்வது ஒரு பழைய லோரி. அதன் பலகைகள் ஆங்காங்கே உளுத்திருந்தன. பெற்றோர் பலமுறை முறையிட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், தளம் முழுவதும் மஞ்சள் நிறத்தில் புத்தம்புதிய பிளைவுட்! எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வந்தது. மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் லோரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, எங்களோடு இரண்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்பிள்ளையின் கால் முழங்கால்வரை தளத்துக்குள் போய்விட்டது. 'மாமா, நிறுத்துங்க! மாமா, நிறுத்துங்க!' என்று எல்லாரும் ஓட்டுநர் அறையின் முதுகைத் தட்டினோம். அவர் உடனே நிறுத்தினார். இன்னும் பத்தடி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. காலில் தோல் கிழிந்து எட்டுத் தையல் போட்டார்கள், எலும்புக்குச் சேதமில்லை. அந்தப் பிள்ளை அதன்பின் லோரியில் ஏற மறுத்துவிட்டாள். ஒரு தவணை முழுவதும் அவள் அப்பா பால் வெட்டப் போகுமுன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

அன்று மாலை பெரியவர்கள் அந்தத் தளத்தைப் பெயர்த்துப் பார்த்தார்கள். பழைய பலகைகளைக் கழற்றவே இல்லை. உளுத்த பலகையின் மேலேயே புதுப்பலகையை ஆணியடித்து மூடியிருந்தார்கள். அதுவும் வீட்டுக்குள் பயன்படுத்தும் மலிவான வகை. நீர் கீழே இறங்க வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவே தேங்கி, புதியதன் ஒட்டைக் கரைத்து, தாள் தாளாகப் பிரித்துவிட்டது. தச்சுவேலை தெரிந்த ஒரு தாத்தா அந்தத் துண்டைக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு, 'ஓட்டை தெரிஞ்சிருந்தா பிள்ளைங்க ஒதுங்கி நின்னிருக்கும். மூடி வெச்சதுதாண்டா கெடுத்துச்சு' என்றார். அந்தச் சொல் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. மாட்டுவண்டித் தச்சர் அறிந்திருந்த மூன்றும் அங்கே இல்லை. ஊத இடமில்லை, நீர் வடிய வழியில்லை, கெட்டதை மாற்றவுமில்லை.

குற்றம் ஒட்டுப்பலகையின்மீது அன்று. ஒட்டுப்பலகையின் உயிர் அதன் ஒட்டில் இருக்கிறது. தொடக்கக் காலத்தில் மிருக இரத்தத்தாலும், பாலிலிருந்து எடுத்த கேசினாலும், சோயா மாவாலும் பசை செய்தார்கள். அவை நீரில் நெடுநாள் நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெவின் என்பவர் நீருக்கு அசையாத பசையொன்றை உருவாக்கினார். அதன்பின் ஃபீனால் வகைப் பசைகள் பரவின. கொதிநீரிலும் பிரியாத பலகைகள் வந்தன; விமானத்துக்கும் படகுக்கும் ஒட்டுப்பலகை போயிற்று.

மலேசியாவில் 1960களிலும் 1970களிலும் ஒட்டுப்பலகைத் தொழில் பெருகியது. மெராந்தி, கெருயிங் போன்ற நம் காட்டு மரங்கள் தாளாக உரிக்கப்பட்டு உலகெங்கும் சென்றன. கப்பலில் ஏற்றும் பெரிய இரும்புக் கொள்கலன்களைத் துறைமுகச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய அந்த முறை 1973இல் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தது. வெளியே இரும்பானாலும், அந்தக் கொள்கலன்களின் தளம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகைதான். அதற்குப் பேர்போன மரம் கெருயிங். பல டன் சரக்கோடு பாரந்தூக்கி வண்டி உள்ளே ஏறினாலும் அது தாங்கும். ஆக, சரக்குக்குப் போடும்போது எது நல்ல பலகை என்று உலகத்துக்குத் தெரிந்தே இருந்தது.

அதே சமயத்தில் ரப்பர் தன் பெட்டியைக் கைவிட்டது. மரச்சிராய் ரப்பரில் கலந்துவிடுகிறது என்ற குறை நெடுநாளாக இருந்தது. பெட்டியில்லாத கட்டுகள் வந்தன. 1965ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் வந்த பிறகு ரப்பர் கட்டிகளாகப் பாலிதீன் உறையில் போகத் தொடங்கியது. ரப்பரைச் சுற்றி நின்ற பலகை அங்கிருந்து விலகியது. வேனிலும் பிக்அப்பிலும் நம் காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

இன்று மலாக்காவில் பல ரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சரக்கு லோரியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நம்மவரில் எத்தனையோ பேர் சொந்தமாகப் பழைய வேன் வாங்கிக் காய்கறி வியாபாரம், பந்தல் வேலை, உணவு விநியோகம் என்று பிழைக்கிறார்கள். அவர்களுக்காகத் தளம் போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதல் வேலை, பழையதை முற்றாகக் கழற்றுவது. மேலே மூடுவது வேலையாகாது. கழற்றியபின் இரும்பைக் கழுவி உலர்த்துங்கள். துருவைச் சுரண்டி எடுத்து, துருத்தடுப்பு வண்ணம் பூசுங்கள். விரலால் குத்தினால் பொத்துக்கொள்ளும் இரும்பு பூச்சுக்கு அடங்காது. பட்டறையில் காட்டி ஒட்டுப்போட வேண்டும். வண்டியின் அடியில் நீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அளவு. வேனின் பக்கங்கள் நேராக இரா; சக்கர மேடு ஒரு பக்கம் புடைத்திருக்கும். காலி அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தளத்தில் விரித்து, அதை வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அட்டை சரியாக அமர்ந்தபின் அதைப் பலகைமேல் வைத்துக் கோடு போடுங்கள். அட்டையில் தவறினால் நட்டமில்லை. பலகையில் தவறினால் பணம் போயிற்று. ஓரங்களில் 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கட்டும்.

மூன்றாவது, பலகை. கடையில் 8 அடிக்கு 4 அடி அளவில் கிடைக்கும். இரும்புத் தகட்டின்மேல் அமரும் வேன் தளத்துக்கு 12 மில்லிமீட்டர் போதும். சட்டங்களின்மேல் தொங்கிப் பாரம் தாங்க வேண்டுமானால் 18 மில்லிமீட்டராவது வேண்டும். மேல்தாளின் நார், அடியிலுள்ள சட்டங்களைக் குறுக்கே கடந்து செல்லும்படி வையுங்கள். அப்போதுதான் பலகை தொய்யாது. நீருக்குத் தாங்கும் பசையுள்ள வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். தாள் பிரிந்தால் அது வீட்டு அலமாரிக்கு மட்டுமே ஆகும்.

நான்காவது, ஓரம். ஒட்டுப்பலகை நீரைக் குடிப்பது முகத்தால் அன்று, ஓரத்தால். வெட்டிய விளிம்புகளுக்கும் ஆணித் துளைகளுக்கும் மூன்று முறை வண்ணமோ வார்னிஷோ பூசி உலரவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள். பலகைக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர்ப் பட்டைகளை இட்டால் சத்தமும் குறையும், காற்றும் போகும்.

ஐந்தாவது, பிணைப்பு. துளை போடுமுன் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், மின்கம்பி அங்கேதான் ஓடுகின்றன. ஆணியைவிட, அகன்ற வாஷரோடு கூடிய துருப்பிடிக்காத போல்ட் நல்லது. ஒருநாள் கழற்றிப் பார்க்கவும் அதுவே வசதி. இருக்கைகளை மட்டும் பலகையில் பூட்டவே கூடாது. இருக்கையும் இடுப்புவாரும் வண்டியின் இரும்போடு, உரிய முறைப்படி, சேர்ந்திருக்க வேண்டும். பலகை நிற்பதற்கும் வைப்பதற்கும்தான்; மோதலைத் தாங்குவதற்கன்று.

இவ்வளவும் தச்சர் பட்டறைக்குரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஒட்டுப்பலகை நம் தோட்டத்துக்கு வந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அது ரப்பருக்குப் பெட்டியாக இருந்தபோது அதன் தரத்தைப் பார்க்க ஆள் இருந்தது. நம் பிள்ளைகளின் காலுக்குக் கீழே வந்தபோது பார்க்க ஆள் இல்லை. அந்தப் பார்வையை இனி நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் வாசலில் வந்து நிற்கும்போது, ஒருநாள் அதன் தளவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். குதிகாலால் நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் கேட்டால் நல்லது. பொதபொதவென்று இருந்தால், ஓட்டுநரிடம் தன்மையாகவே சொல்லுங்கள்: 'தம்பி, இதை மூடாதீங்க. கழற்றிப் பாருங்க.'

அன்று கால் உள்ளே போன அந்தப் பெண்பிள்ளைக்கு இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் போகும் வேனின் தளத்தை, ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும், அவள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றி அனுப்புகிறாள்.